கத்திரி வெயிலும் இரண்டாயிரம் ரூபாய்க் கூலரும்

ஆயுத பூஜைக்கு முந்தின நாள் மேசைக்கு அடியில் கிடந்த அட்டைப்பெட்டியை ஒழித்துக்கொண்டிருந்தேன். சுருண்டு போன வயர்கள், பட்டன் போன மவுஸ்கள், யார் வீட்டுக் கல்யாணம் என்று எழுதாமல் விட்ட டிவிடிகள். அடியில் கனமாக ஏதோ தட்டுப்பட்டது. எடுத்துப் பார்த்தால் உள்ளங்கை அகலத்தில் ஓர் அலுமினிய வட்டம். நடுவிலிருந்து வெளிப்பக்கமாக வளைந்து விரியும் மெல்லிய தகடுகள், தலையில் சின்ன விசிறி, சுற்றிலும் நான்கு பிளாஸ்டிக் கால்கள். பென்டியம் 4 காலத்துப் பிராசஸர் கூலர். தகடுகளின் இடுக்கில் அன்றைய தூசி அப்படியே இறுகிக் கிடந்தது. பெயின்ட் பிரஷ்ஷை விட்டு ஓர் இழுப்பு இழுத்ததுமே அந்த வாசனை வந்துவிட்டது. காய்ந்து, சூட்டில் லேசாகப் பொரிந்த தூசியின் வாசனை.

அக்காவைக் கட்டிக்கொடுத்த கொஞ்ச நாளிலேயே அத்தான் என்னைத் தன் வீடியோ ஸ்டுடியோவில் சேர்த்துக்கொண்டார். திருச்சி தெப்பக்குளத்தை ஒட்டிய ஒரு சந்தில் மாடி அறை. தலைக்கு மேல் ஆஸ்பெஸ்டாஸ் கூரை. கீழே பாத்திரக்கடை என்பதால் பகல் முழுக்க ஏதாவது ஒரு குடம் தரையில் உருளும் சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கும். அறையில் ஒரு மரமேசை, கனமான கண்ணாடி மானிட்டர், பக்கத்தில் எங்கள் கம்ப்யூட்டர். கல்யாண வீட்டில் எடுத்த டேப்புகளை அதில் ஏற்றி, வெட்டி ஒட்டி, பாட்டுப் போட்டு, பெயர் எழுதி, கடைசியில் டிவிடியாக மாற்றுவது எங்கள் வேலை. அதை மிக்ஸிங் என்போம். எல்லாம் முடிந்து கம்ப்யூட்டர் தானே உட்கார்ந்து கணக்குப் போட்டு முழுப் படமாக்கும் கட்டத்துக்கு ரெண்டர் என்று பெயர். டிவிடி வந்து எத்தனையோ நாள் ஆன பிறகும் கல்யாண வீட்டுக்காரர்கள் மட்டும், “தம்பி, கேசட் எப்பக் கிடைக்கும்?” என்றுதான் கேட்பார்கள்.

இந்தத் தொழிலின் கஷ்டம் காலண்டரில் இருக்கிறது. சித்திரையிலும் வைகாசியிலும் முகூர்த்தம் நெருக்கியடித்துக்கொண்டு வரும். அதே நாட்களில்தான் கத்திரி வெயில். திருச்சியில் நாற்பது டிகிரியை வெயில் சர்வ சாதாரணமாகத் தாண்டும். கூரைக்குக் கீழே அதைவிடக் கூடுதலாகவே இருக்கும். ரெண்டர் போட்டுவிட்டால் பிராசஸர் மணிக்கணக்கில் முழு வேகத்தில் ஓடவேண்டும். 2004இல் வந்த பிரெஸ்காட் ரகப் பென்டியம் 4 சிப்புகளில் வேகமானவை நூறு வாட்டுக்கு மேல் வெப்பத்தைக் கக்கும். அந்தச் சிலிக்கன் துண்டின் பரப்போ ஒரு சதுர சென்டிமீட்டரை ஒட்டித்தான். அங்கே பிறக்கிற சூட்டை உடனுக்குடன் இழுத்து வெளியே தள்ளாவிட்டால், சிப்பு தன்னைக் காப்பாற்றிக்கொள்ளத் தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். இன்னும் ஏறினால் மொத்தமாக அணைந்துவிடும்.

எங்களுக்கு அது சதவிகிதக் கணக்காகத் தெரியும். காலையில் மளமளவென்று ஏறும் ரெண்டர், உச்சி வெயிலில் நாற்பத்திரண்டு சதவிகிதத்தில் வந்து படுத்துக்கொள்ளும். அத்தான் சாப்பிட்டுவிட்டு வந்து பார்ப்பார், நாற்பத்து மூன்று. ஒன்றும் பேசமாட்டார். கேபினெட்டின் பக்கவாட்டுக் கதவைக் கழற்றி வைத்துவிட்டு, டேபிள் ஃபேனைத் திறந்த வாய்க்கு நேரே திருப்பி வைப்பார். எங்கள் ஊர் ஸ்டுடியோக்கள் பலவற்றில் அன்று இந்தக் காட்சியைப் பார்க்கலாம். கதவில்லாத கேபினெட், எதிரே தலையாட்டாமல் நிறுத்திய ஃபேன். காற்றோடு சந்துப் புழுதியும் உள்ளே போகும், பல்லியும் போகும். பல்லி மதர்போர்டில் ஊர்ந்து ஷார்ட் ஆகிவிடுமோ என்ற பயத்தில் கொசுவலைத் துண்டு ஒன்றை வெட்டித் திறப்பின் குறுக்கே டேப் போட்டு ஒட்டியிருந்தார் அத்தான். கொசுவலையில் தூசி அடைந்து கறுத்ததும் அக்கா அதைத் துவைத்துக் கொடுப்பாள்.

கூலரைக் கழற்றிச் சுத்தம் செய்வது வருஷத்துக்கு ஒரு முறை, ஆயுத பூஜைக்கு. நான்கு கால்களின் தலையிலும் சின்ன அம்புக்குறி இருக்கும். அந்தத் திசையில் திருப்பி இழுத்தால் கால் கழன்று வரும். திரும்ப மாட்டும்போது எதிரெதிர் மூலைகளாக, இரண்டு இரண்டாக அழுத்தவேண்டும். மதர்போர்டு வில்லாக வளைவதைப் பார்க்கும்போது நெஞ்சு பதறும். ‘டக்’கென்ற சத்தத்தை மட்டும் நம்பக்கூடாது என்பார் அத்தான். போர்டைத் தூக்கி டார்ச் அடித்துப் பின்பக்கம் பார்ப்பார். ஒவ்வொரு துளையிலும் வெளிக்காலின் பிளவுக்குள் நடுமுள் இறங்கி, காலை இரண்டாக விரித்துப் பிடித்திருக்கவேண்டும். ஒன்று சரியாக விரியாவிட்டாலும் கூலர் ஒரு பக்கம் தூக்கிக்கொண்டு நிற்கும், சூடு ஏறிவிடும். இந்தக் கால் விஷயம் அந்தக் காலத்தோடு முடியவில்லை. இன்டெல் பிராசஸர் பெட்டியோடு இலவசமாக வரும் கூலர்கள் பலவற்றில் இன்றும் இதே கால்கள் உண்டு. கடையில் காசு கொடுத்து வாங்கும் கூலர்களில் நான் முதலில் பார்ப்பது, பின்தகடு வைத்து ஸ்க்ரூவில் முடுக்குகிற வகையா என்பதைத்தான்.

சென்னைக்குப் போய் நல்ல கூலர் ஒன்று வாங்கி வரலாம் என்று அத்தான் வாயைத் திறந்து சொன்னது, டேப் போய் மெமரி கார்டு வந்து, முழு எச்டியில் கல்யாணம் எடுக்கத் தொடங்கிய பிறகு. புதிதாக ஐ7 2600 போட்டிருந்தோம். நல்ல வேலைக்காரச் சிப்பு, 95 வாட். அறையும் கூரையும் மட்டும் மாறவில்லை. அதோடு 2012இன் மின்வெட்டும் சேர்ந்துகொண்டது. சென்னையில் இரண்டு மணி நேரம் என்றால் வெளியூர்களில் பத்து மணி நேரத்தைத் தாண்டிய நாட்கள் உண்டு. கரண்ட் எப்போது வரும், எப்போது போகும் என்பதை வைத்து ரெண்டருக்கு நேரம் குறிக்க வேண்டிய நிலை. இரண்டு கட்டுக்கு நடுவில் கிடைக்கிற மூன்று மணி நேரத்துக்குள் ஒரு பகுதி முடிந்தாகவேண்டும். சூட்டினால் வேகம் குறைந்து பத்து நிமிஷம் இழுத்தாலும் யுபிஎஸ் கீச்சுக்கீச்சென்று கத்தத் தொடங்கிவிடும், போட்ட ரெண்டர் அத்தனையும் போகும். பிராசஸரைக் குளிர வைப்பது அன்று எங்களுக்குக் கெடுவுக்குள் வேலையை முடிக்கிற விஷயமாக இருந்தது.

மலைக்கோட்டை எக்ஸ்பிரஸில் ஏறினால் விடியும் முன்னே எழும்பூர். ரிச்சி தெருவில் கடை திறக்கப் பத்தரை ஆகும். நடுவில் இருக்கிற நேரத்துக்குத் திருவல்லிக்கேணி ரத்னா கபே. இட்லி மூழ்கும்படி சாம்பார் ஊற்றுவார்கள். அது வற்ற வற்றத் திரும்ப வந்து ஊற்றுவார்கள். அங்கிருந்து நடந்தே மவுண்ட் ரோட்டைத் தாண்டி, கேசினோ தியேட்டர் பக்கமாக உள்ளே நுழைந்தால் ரிச்சி தெரு. ஷட்டர்கள் ஒவ்வொன்றாக மேலே ஏறும் சத்தம். டிரை சைக்கிளில் மானிட்டர் அட்டைப்பெட்டிகள். ரேடியோ உதிரிபாகம் விற்றுத் தொடங்கிய தெரு அது. கம்ப்யூட்டர்க் கடைகளுக்கு நடுவே ரெசிஸ்டரையும் கெபாசிட்டரையும் கண்ணாடிப் பெட்டியில் அடுக்கி எண்ணிக் கொடுக்கும் கடைகள் அப்போதும் இருந்தன.

நாங்கள் போவது ஒரு பாயின் கடைக்கு. இரண்டு பேர் எதிரெதிரே வந்தால் ஒருவர் பக்கவாட்டில் திரும்பவேண்டிய சந்துக்குள், மாடிப்படிக்குக் கீழே இருந்தது. கூலர் வேண்டும் என்றதும் எதையும் எடுத்துக் காட்டவில்லை அவர்.

“ரூம்ல ஏசி இருக்கா?”

“இல்ல பாய். ஷீட் கூரை.”

“ஒரு நாளைக்கு எவ்வளவு நேரம் ரெண்டர் போடுவீங்க?”

“கரண்ட் இருக்கற நேரமெல்லாம்.”

“கேபினெட் என்ன அகலம்?”

அத்தான் கையை விரித்துக் காட்டினார். பாய் தலையை ஆட்டிவிட்டு, ஒரு பழைய அட்டைப்பெட்டியின் மூடியைக் கிழித்து, ஸ்கேல் வைத்துப் பதினாறு சென்டிமீட்டருக்கு ஒரு பட்டையை வெட்டினார். “கரண்ட்ட ஆஃப் பண்ணிட்டு இத பிராசஸர் மேல செங்குத்தா நிக்க வெச்சுக் கதவ மூடிப் பாருங்க அண்ணே. மடங்காம மூடுச்சுன்னா போன் போடுங்க, இவரோட அனுப்பிடறேன்” என்று பஸ் பார்சல் ஆளைக் காட்டினார். காசு கொடுத்து வாங்க வந்தவர்களை வெறும் அட்டையோடு திருப்பியனுப்பும் வியாபாரத்தை அதற்கு முன் நான் பார்த்ததில்லை. ஆனால் அந்த அட்டைதான் வேலை செய்தது. கோபுர வகைக் கூலர்கள் பக்கவாட்டில் நீண்டு நிற்பவை. அன்று பரவலாக விற்ற கூலர் மாஸ்டர் ஹைப்பர் 212 ஈவோவின் உயரம் 159 மில்லிமீட்டர். எங்கள் ஊரில் அசெம்பிள் செய்து விற்ற ஒல்லிக் கேபினெட்டுகள் பலவற்றில் அதை வைத்தால் கதவு மூடாது.

திரும்பி வருவதற்கு முன் அந்தக் கூலரைக் கையில் வாங்கிப் பார்த்தேன். அடியில் நான்கு செம்புக் குழாய்கள் பட்டையாகச் செதுக்கப்பட்டு நேராகவே பிராசஸர் மேல் உட்காரும்படி இருந்தன. இரண்டு பக்கமும் வளைந்து மேலேறி அலுமினியத் தகடுகளைக் குத்திக்கொண்டு நின்றன. குழாய்க்குள் என்ன இருக்கிறது என்று கேட்டேன். “தண்ணி” என்றார் பாய். ஒரு சொட்டு, இரண்டு சொட்டுத்தான். உள்ளே காற்றை எடுத்துவிட்டு அடைத்திருப்பதால் குறைந்த சூட்டிலேயே ஆவியாகிவிடும். ஆவி மேலே போய்த் தகடு இருக்கும் இடத்தில் குளிர்ந்து நீராகி, குழாயின் உட்சுவரில் இருக்கும் திரி வழியாகத் திரும்ப அடிக்கு வந்துவிடும். “இட்லிக் கொப்பரை மூடியில ஆவி பட்டுத் தண்ணியா இறங்குதில்ல, அதான்” என்றார். 1963இல் அமெரிக்காவின் லாஸ் ஆலமோஸ் ஆய்வுக்கூடத்தில் ஜார்ஜ் குரோவர் என்ற அறிவியலர் இந்தக் குழாயைச் செய்து காட்டியதையும், முதலில் அது விண்கலங்களுக்காக வளர்க்கப்பட்டதையும் பிற்பாடு படித்தேன். விண்வெளிக்குப் போன சரக்கு தெப்பக்குளத்துச் சந்துக்கு இரண்டாயிரத்துச் சொச்சம் ரூபாய்க்கு வந்து சேர்ந்ததில் எனக்கு இன்றைக்கும் தீராத சந்தோஷம்.

விலையைப் பற்றிப் பாய்க்குத் தெளிவான கணக்கு இருந்தது. ஐந்நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் சின்ன அலுமினியக் கூலர், பெட்டியோடு வருவதற்கு ஏறத்தாழச் சமம். அதை வாங்குவது காசுக்குக் கேடு. ஐயாயிரம், ஆறாயிரம் என்று போகும் ஆஸ்திரியாவின் நாக்டுவா, அருமையான பொருள், சத்தமே வராது. ஆனால் கீழே குடம் உருளும் கடையின் மாடியில் அந்த நிசப்தத்துக்கு யார் காசு கொடுப்பது? பம்ப்பும் ரேடியேட்டரும் வைத்த தண்ணீர்க் கூலரை அவர் எங்களுக்குக் காட்டவே இல்லை. பம்ப் நின்றால் முழுசையும் தூக்கிப்போட வேண்டும். கோபுரக் கூலரில் ஓடுகிற பாகம் விசிறி ஒன்றுதான். 120 மில்லிமீட்டர் விசிறி எந்த ஊரிலும் கிடைக்கும், கம்பிக் கிளிப்பை நெம்பினால் கழன்றுவிடும். பிற்பாடு எங்கள் விசிறி கரகரவென்று சத்தம் போட ஆரம்பித்தபோது சிங்காரத்தோப்பில் சில நூறு ரூபாய்க்கு வேறொன்று வாங்கி மாட்டினோம். செம்புக்கும் அலுமினியத்துக்கும் வயதாவதில்லை.

பார்சல் வந்த அன்று கடையை அரை நாள் மூடிவிட்டு மாட்டினோம். பழைய கூலரை எடுத்தபோது அடியில் பேஸ்ட் சுண்ணாம்பாகக் காய்ந்து உதிர்ந்தது. பஞ்சில் ஸ்பிரிட்டைத் தொட்டுப் பிராசஸரின் முகம் பளபளக்கும்வரை துடைத்தேன். கண்ணுக்கு வழவழப்பாகத் தெரியும் இரண்டு உலோகங்களுக்கு நடுவே எத்தனையோ மயிரிழைப் பள்ளங்கள் உண்டு, அவற்றில் காற்று நிற்கும். செம்பு கடத்துகிற வெப்பத்தில் பத்தாயிரத்தில் ஒரு பங்கைக்கூடக் காற்று கடத்தாது. அந்தக் காற்றை வெளியேற்றத்தான் பேஸ்ட், அதனால் மெல்லிசாக இருந்தால் போதும். துவரம்பருப்பு அளவுக்கு நடுவில் ஒரு சொட்டு வைத்து, கூலரை மெதுவாக இறக்கினேன். அத்தான் எதிரெதிர் ஸ்க்ரூக்களை ஒரு சுற்று, ஒரு சுற்றாக மாற்றி மாற்றி முடுக்கினார். அன்று மதியமே ஒரு வளைகாப்பை ரெண்டருக்குப் போட்டோம். தொண்ணூறைத் தாண்டி நின்ற சூடு எழுபதுகளில் வந்து நின்றது. டேபிள் ஃபேன் அன்றிலிருந்து எங்களுக்கு வீசியது.

கூலரைப் பற்றி வெளிநாட்டுக்காரர்கள் எழுதும் சோதனைகளை இப்போது நிறையப் படிக்கிறேன். படிக்கும்போதெல்லாம் பாய் கேட்ட முதல் கேள்வி ஞாபகத்துக்கு வரும். காற்றை ஊதும் எந்தக் கூலரும் அறையின் சூட்டுக்குக் கீழே பிராசஸரைக் கொண்டுபோக முடியாது. அறைச் சூட்டுக்கு மேல் எத்தனை டிகிரியில் நிறுத்துகிறது என்பதுதான் அதன் திறமை. இருபதை ஒட்டிய குளிர்ந்த அறையில் எழுபது காட்டும் கூலர், எங்கள் மாடியில் தொண்ணூறு காட்டும். இன்டெலின் பல சிப்புகளுக்கு நூறு டிகிரிதான் எல்லைக்கோடு. அங்கே ‘பெட்டியோடு வருவதே போதும்’ என்று எழுதினால் அது அந்த ஊருக்கு உண்மை. சித்திரை மாதத் திருச்சிக்கு அந்த இருபது டிகிரியைக் கூட்டிப் படிக்கவேண்டும். ஆகவே எங்களைப் போன்றவர்களுக்கு இரண்டாயிரம் ரூபாய்க் கூலரை ஆடம்பரம் என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும். அதே மூச்சில், கேபினெட்டின் முன்னால் காற்றை இழுக்க ஒரு விசிறியும் பின்னால் தள்ள ஒன்றும் இல்லாமல் விலை உயர்ந்த கூலரை மட்டும் வாங்கி வைப்பதும் வீண்தான். உள்ளே சுற்றுகிற அதே வெக்கையைத்தான் அது திரும்பத் திரும்ப ஊதிக்கொண்டிருக்கும்.

ஸ்டுடியோ இப்போது அக்கா மகன் கையில். கூரையை எடுத்துவிட்டுத் தளம் போட்டாயிற்று, ஏசியும் உண்டு. மணமக்களைக் கேட்டால் டிவிடி வேண்டாம் என்கிறார்கள். முழுப்படத்தைப் பென் டிரைவில் கேட்கிறார்கள், அதற்கு முன்னால் மூன்றே நிமிஷத்தில் போனில் பார்க்க ஒரு துண்டு. அத்தான் தினமும் ஒரு நடை வந்து, தெரிந்த முகம் ஏதாவது திரையில் ஓடுகிறதா என்று பார்த்துவிட்டுப் போகிறார். ரிச்சி தெருவுக்கு யாரும் ரயில் ஏறுவதில்லை. போனில் தட்டினால் மறுநாள் வாசலில் பெட்டி.

போன வாரம் மருமகன் கேட்டான், “மாமா, 12400க்கு ஒரு கூலர் சொல்லுங்க. பட்ஜெட் ரெண்டாயிரம், மிஞ்சினா ரெண்டாயிரத்து ஐந்நூறு.” 65 வாட் என்று எழுதியிருந்தாலும் முழு வேகத்தில் அந்தச் சிப்பு 117 வாட் வரை போகும், 4கே ரெண்டரில் அது முக்கியம். பழைய 212 இன்னும் பத்திரமாக இருக்கிறதே, அதையே மாட்டலாமே என்று அத்தான் ஆசையாகக் கேட்டார். மாட்ட முடியாது. 12400 உட்காரும், 2021இல் வந்த எல்ஜிஏ 1700 போர்டுகளில் கூலர் மாட்டும் துளைகளுக்கு நடுவிலான தூரம் 75 மில்லிமீட்டரிலிருந்து 78 ஆகிவிட்டது. அதற்கான பிராக்கெட் தனியாகக் கிடைத்தால் உண்டு. பழைய ஈவோவுக்கு இங்கே தேடியவரை கிடைக்கவில்லை. ஏஎம்டிக்காரர்களுக்கு இந்த விஷயத்தில் யோகம், ஏஎம்4 கூலர்களில் பெரும்பாலானவை ஏஎம்5 போர்டிலும் உட்கார்ந்துவிடும். அவர்களுக்கு நான் சொல்லும் எச்சரிக்கை ஒன்றுண்டு. ஏஎம்4 போர்டில் பழைய கூலரைச் செங்குத்தாகப் பிடுங்காதீர்கள். காய்ந்த பேஸ்ட் பிராசஸரையும் சேர்த்துச் சாக்கெட்டிலிருந்து உருவிக்கொண்டு வரும், அடியில் நிற்கும் ஊசிகள் வளையும். கம்ப்யூட்டரைச் சற்று நேரம் ஓடவிட்டுச் சூடாக்கி, அணைத்துவிட்டு, கூலரை இடம் வலமாக மெல்லத் திருகி எடுக்கவேண்டும்.

அவனுக்கு டீப்கூல் ஏகே400ஐச் சொன்னேன். நான்கு குழாய், ஒரு விசிறி, 155 மில்லிமீட்டர் உயரம், எல்ஜிஏ 1700க்கான பிராக்கெட் பெட்டியிலேயே வரும். தெர்மல்ரைட்டின் ஒற்றைக் கோபுர வகைகளும் அந்த விலைக்கு நல்லவை. எது கிடைக்கிறதோ, எதற்கு இங்கே வாரண்டி ஒழுங்காகத் தருகிறார்களோ அதை எடுக்கலாம். அவன் கண் வண்ண விளக்கு எரிகிற ஒன்றின் மேல் இருக்கிறது, அறுநூறு ரூபாய் கூட. கல்யாண வீட்டுக்காரர்கள் ஸ்டுடியோவுக்கு வந்து உட்காரும்போது அது பார்க்க அழகாக இருக்கும் என்கிறான். வருகிறவர்களுக்குக் கடை களையாகத் தெரியவேண்டும் என்று அவன் நினைப்பதில் நியாயம் இருக்கிறது. அந்த அறுநூறுக்குக் கேபினெட்டின் முன்பக்கம் ஒரு விசிறி போடு, விளக்கை அடுத்த முகூர்த்தப் பணத்தில் பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்லியிருக்கிறேன். முதலில் கதவைக் கழற்றி, பதினாறு சென்டிமீட்டர் அட்டை ஒன்றை வெட்டி நிறுத்திப் பார்த்துப் போட்டோ அனுப்பச் சொன்னேன். இன்று ராத்திரி அனுப்புவதாகச் சொன்னான்.